கோணாமல் நகரும் பாலம்

கணிப்பொறியில் வரைந்த உருவத்தை அப்படியே மரப்பலகையிலோ அலுமினியத் தகட்டிலோ வெட்டித் தரும் சி.என்.சி. ரவுட்டர் என்ற யந்திரம், ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலைகளின் மதிற்சுவருக்குள் மட்டுமே காணக்கூடியதாக இருந்து, இன்று தச்சுப்பட்டறையின் ஓரத்திலும் வீட்டு மாடியறையிலும் தனி மனிதர் தம் கையாலேயே கட்டி ஓட்டும் சாதனமாகப் பரவியிருக்கிறது. மோட்டாரும் ஸ்குரூவும் ரெயிலும் கடையில் கிடைக்கின்றன. அவற்றை ஆட்டிவைக்கும் மென்பொருளோ பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்துப் பூட்டி முடித்தவர், முதன்முதலில் ஒரு செவ்வகத்தை வெட்டியெடுத்து அதன் மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கும்போது, மட்டத்தின் விளிம்புக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று தெரியுமானால், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: யந்திரத்தின் பாலம் கோணலாக நிற்கிறது.

அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நீளமான மேசை, அதன் இடப்புறமும் வலப்புறமும் நீளவாட்டில் பதித்த இரண்டு ரெயில்கள், ஒவ்வொரு ரெயிலின் மேலும் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு பேரிங் பிளாக்குகள், அவற்றின்மேல் பக்கத்துக்கு ஒன்றாக எழும்பும் இரண்டு கால்கள், அக்கால்களை மேலே இணைக்கும் குறுக்குச் சட்டம். கால்களும் சட்டமும் சேர்ந்த இந்தப் பாலத்தைத்தான் பட்டறையில் கேன்ட்ரி என்கிறார்கள். வெட்டும் மோட்டாரைச் சுமந்த வண்டி சட்டத்தின்மீது இடம்வலமாக ஓட, சட்டமோ மேசையின் நீளவாட்டில் முன்னும் பின்னும் ஓடுகிறது. இவ்விரண்டு இயக்கங்களும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருந்தால்தான் வெட்டப்படும் சதுரம் சதுரமாகும். கணக்குக்கு எளிதாக, இரண்டு ரெயில்களுக்கும் இடையே 1 மீட்டர் அகலமுள்ள யந்திரம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அதன் வலக்கால் இடக்காலைவிட அரை மில்லிமீட்டர் முந்தி நின்றால், 600 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய அலமாரிக் கதவின் ஒரு மூலை 0.3 மில்லிமீட்டர் ஏறியிருக்கும். நீளத்தை அளந்தால் நீளம் சரியாக இருக்கும். அகலத்தை அளந்தால் அகலமும் சரியாக இருக்கும். கோணம் மட்டுமே தவறியிருக்கும். ஆகையால், வெறும் அளவுகோலை நம்புகிறவருக்கு இந்தக் குற்றம் நெடுநாள் அகப்படாமலே போவதுண்டு.

பாலம் ஏன் கோணுகிறது என்பதற்குரிய விதியை அகலமான மேசை இழுப்பறை ஒன்றே கற்பித்துவிடும். ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பற்றி அதை இழுத்தால், அந்தப் பக்கம் முந்தி வர, மறுபக்கம் பின்தங்க, இழுப்பறை முழுதும் குறுக்கே திரும்பிச் சிக்கிக்கொள்கிறது. இன்னும் பலமாக இழுத்தால் வந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் வராது. ஏனெனில் இழுவிசை செல்லும் கோடு, தாங்கிகளைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த விசை இழுப்பறையைத் திருப்ப முயல்கிறது. அத்திருப்பத்தைத் தடுப்பதற்காக முன் தாங்கி ஒரு பக்கமும் பின் தாங்கி எதிர்ப்பக்கமும் அழுந்துகின்றன. அவ்வழுத்தத்தினால் உராய்வு பிறக்கிறது. இழுவிசை கூடினால் அழுத்தமும் உராய்வும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போவதால், ஓர் எல்லைக்கு அப்பால் எந்தப் பலத்தாலும் அதை அசைக்க முடியாத நிலை உண்டாகிறது. அந்த எல்லையைக் கணக்கிடுவது கடினமன்று: விலகலின் தூரத்தை, முன் பின் தாங்கிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும், வரும் ஈவு, உராய்வுக் குணகத்தின் இருமடங்கால் ஒன்றை வகுத்து வரும் எண்ணை எட்டிவிட்டால் சிக்கல் நிச்சயம். உராய்வுக் குணகம் 0.25 என்றால் எல்லை 2. தாங்கிகளுக்கு இடையே 200 மில்லிமீட்டர் இருக்க, 400 மில்லிமீட்டர் தள்ளி இழுத்தால் இழுப்பறை நகராது.

நல்ல உருளைக்குண்டு ரெயில்களில் உராய்வுக் குணகம் 0.002 முதல் 0.003 வரைதான். அந்த எண்ணைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் எல்லை நூற்றைத் தாண்டிப் போய்விடும். அதாவது, பாலத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளினாலும் அது சிக்கிக்கொள்ளாது. இதைக் கண்டு, சுழன்று பாலத்தைத் தள்ளும் ஸ்குரூ ஒரு பக்கத்தில் இருந்தாலே போதும் என்று முடிவுகட்டிவிடுவோரும் உண்டு. சிக்காமலிருப்பது வேறு, கோணாமலிருப்பது வேறு என்பதை அவர்கள் நினைப்பதில்லை. 200 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த முன் பின் பேரிங்குகள் ஒன்றுக்கொன்று எதிராக மொத்தம் 0.02 மில்லிமீட்டர் அசைய இடமிருந்தாலே, 1 மீட்டருக்கு அப்பாலுள்ள மறுமுனை 0.1 மில்லிமீட்டர் பின்தங்கிவிடும். கால்களும் சட்டமும் வளையும் வளைவு இதனோடு வந்து சேரும். பாலம் வேகமாகப் புறப்பட்டு வேகமாக நிற்கும்போது தள்ளப்படாத முனை ஊசலாடும். அந்த ஊசலாட்டம் வெட்டுமுகத்தில் அலையலையான கோடுகளாகப் பதிந்துவிடும். இரு பக்கமும் ஓட்டப்பட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்த நிர்ப்பந்தம் புதியதன்று. அகன்ற பட்டறைகளின் கூரையடியில் ஓடும் கிரேன்கள் தண்டவாளத்தில் கோணிக்கொண்டு சக்கர விளிம்பைத் தேய்க்கும் தொல்லையைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். வரைபட மேசைகளில் குறுக்குக் கோலை இணையாகவே ஏற்றி இறக்குவதற்கு, கோலின் இரு முனைகளிலும் உருளைகளை வைத்து, ஒரே கம்பியை அவற்றின் வழியே மாறுக்கு மாறாகச் செலுத்தி, ஒரு முனை ஏறும்போது கம்பியே மறுமுனையையும் அதே அளவு ஏற்றும்படி செய்திருந்தார்கள். அத்தனை எளிய பொருளில் அத்தனை நுட்பம் அடங்கியிருப்பதை வியக்காமல் இருக்க முடிவதில்லை. மேலே தூக்கப்படும் பாலங்களில் இரு கோபுரங்களும் தத்தம் முனையைச் சமமாக உயர்த்தியாக வேண்டும். 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதிக்கும் இதே நியதிதான். தூரத்திலுள்ள இரண்டு தண்டுகளை மின்சாரத்தின் மூலமாகவே இணைத்து ஒன்றாகச் சுழலச் செய்யும் செல்சின் என்ற ஏற்பாடு, 1914-இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயில் மதகுகளின் நிலையைக் கட்டுப்பாட்டு மேசையில் காட்டுவதற்குப் பயன்பட்டது. அதே தத்துவத்தின் பெரிய வடிவங்கள் பின்னாளில் கிரேன்களையும் தூக்குப் பாலங்களையும் கோணாமல் ஓட்டின. எண்களால் ஆளப்படும் வெட்டுயந்திரம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1952-இல் ஓட்டிக் காட்டப்பட்டபோது, இரு முனைகளை இணைத்து நடத்தும் இந்தக் கலை அதற்கு முன்பே முதிர்ந்திருந்தது.

இனி நம்முடைய சிறிய யந்திரத்துக்கு வருவோம். மேசையின் அடியில், நடுவாக, ஒரே ஒரு ஸ்குரூவைப் பொருத்தி, இரண்டு கால்களையும் அடியில் இணைக்கும் இன்னொரு சட்டத்தைத் தள்ளுவது ஒரு வழி. விசை நடுவில் கிடைப்பதால் விலகல் குறைகிறது. ஒரே மோட்டார் என்பதால் செலவும் குறைகிறது. ஆயினும் வெட்டும் கருவி சட்டத்தின் ஓரத்துக்குப் போகும்போது தடையும் ஓரத்துக்குப் போய்விடுகிறது; அந்த வேளையில் பாலத்தைத் திரும்பாமல் காப்பது பேரிங் பிளாக்குகளின் இடைவெளியும் சட்டத்தின் விறைப்பும் மட்டுமே. தவிரவும், அடிச்சட்டம் ஓடுவதற்கு வழி விட வேண்டியிருப்பதால் மேசையை அதன் இரு கோடிகளில்தான் தாங்கிப் பிடிக்க முடியும். நடுவில் அது தொய்யும். அரை மீட்டர் அகலம் வரையுள்ள யந்திரத்துக்கு இது ஏற்றது. அதற்கு மேற்பட்டால் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

என் மனத்துக்கு மிக உகந்த வழி, பக்கத்துக்கொரு ஸ்குரூ வைத்து, அவ்விரண்டையும் பல்லுள்ள ஒரே டைமிங் பெல்ட்டால் இணைத்து, ஒரு மோட்டாரைக்கொண்டு ஓட்டுவது. பெல்ட் என்றதும் அது இழுபடுமே, தளருமே என்ற ஐயம் எழுவது இயற்கை; ஆனால் அந்த ஐயத்தை எண்களின் முன்னால் நிறுத்தினால் அது நிற்பதில்லை. 5 மில்லிமீட்டர் பல் இடைவெளியில் 20 பல் உள்ள புல்லியின் சுற்றளவு 100 மில்லிமீட்டர். பெல்ட் அரை மில்லிமீட்டர் இழுபட்டது என்று வைத்துக்கொண்டால், புல்லி ஒரு சுற்றில் 200-இல் ஒரு பங்கு பின்தங்கும்; ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் ஸ்குரூவில் அந்தப் பின்தங்கல் பாலத்தின் முனையில் 0.025 மில்லிமீட்டராக மட்டுமே தென்படும். பெல்ட்டின் பிழையை ஸ்குரூ 20 மடங்கு சுருக்கிவிடுகிறது. இதே பெல்ட், ஸ்குரூவின் உதவியின்றிப் பாலத்தை நேரே இழுக்குமானால், அந்த அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகவே வெட்டில் விழுந்திருக்கும். ஒரே பொருள் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து நல்லதாகவும் கெட்டதாகவும் ஆவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

இவ்வேற்பாட்டில் பாலத்தைச் செங்கோணத்துக்குக் கொண்டுவருவதும் சுலபம். ஒரு பக்கத்துப் புல்லியில் பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டால், அந்தப் பக்கம் சுற்றில் 20-இல் ஒரு பங்கு, அதாவது 0.25 மில்லிமீட்டர், நகர்ந்து நிற்கும். அதைவிட நுட்பமாக வேண்டுமானால் புல்லியைத் தண்டில் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஸ்குரூவைக் கையால் இம்மியளவு திருப்பி, மறுபடி முறுக்கலாம். இறுதியில் பெல்ட்டின் விறைப்பைச் சரிசெய்யும் உருளையைத் தள்ளும்போது பெல்ட்டின் ஒரு பகுதி நீண்டு ஒரு புல்லி சிறிது திரும்பிவிடக்கூடும். ஆகவே விறைப்பை வைத்த பிறகு செங்கோணத்தை மறுமுறை சோதிப்பது அவசியம். அதன்பின், பெல்ட் அறுபடாமலும் பல் தாண்டாமலும் இருக்கும்வரை, மின்சாரம் போனாலும் வந்தாலும், மோட்டார் தடுமாறினாலும், இரு பக்கமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. யந்திரம் தவறினால் முழுதாகத் தவறும், கோணலாகத் தவறாது.

ஸ்குரூவுக்குப் பதிலாக இரு பக்கமும் பெல்ட்டே பாலத்தை நேரே இழுக்கும் இலகுவான யந்திரங்களில், இரண்டு புல்லிகளையும் ஒரே குறுக்குத் தண்டில் மாட்டி, தண்டின் ஒரு கோடியில் மோட்டாரை வைப்பதுண்டு. இங்கே எதிரி தண்டின் முறுக்கம். 12 மில்லிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள எஃகுத் தண்டு, 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் சுமார் 0.7 பாகை முறுக்கிக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் இழுக்கும் புல்லியில் அது ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் கோணலாகும். மோட்டாரைத் தண்டின் நடுவில் வைத்துவிட்டால் இரு பக்கமும் சமமாக முறுக்கிக்கொண்டு கோணல் பெரும்பாலும் மறையும். அது முடியாதென்றால் தண்டைப் பருமனாக்க வேண்டும். முறுக்கத்தை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்காகப் பெருகுவதால், விட்டத்தை இருமடங்காக்கினால் வலிமை பதினாறு மடங்காகிறது.

ஆனால் இன்று வீட்டில் யந்திரம் கட்டுவோரில் மிகப் பலர் கைக்கொள்வது இவற்றில் எதுவுமன்று. பக்கத்துக்கு ஒரு ஸ்குரூ, ஸ்குரூவுக்கு ஒரு மோட்டார் என்னும் முறையே. மோட்டார் விலை இறங்கிவிட்டது, நீண்ட பெல்ட்டும் அதற்கான புல்லிகளும் வேண்டியதில்லை, விசையும் இருமடங்கு கிடைக்கிறது என்பன அதற்குச் சொல்லப்படும் காரணங்கள், மூன்றும் நியாயமானவையே. அப்படிச் செய்கிறவர்கள் ஓர் உண்மையை மட்டும் ஆழமாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: அந்த இரண்டு மோட்டார்களுக்கும் ஒன்றையொன்று தெரியாது. கணிப்பொறி இரண்டுக்கும் ஒரே பல்ஸ் வரிசையை அனுப்புகிறது. ஒவ்வொரு பல்ஸுக்கும் ஓர் அடி வைக்குமாறு ஒவ்வொன்றும் பணிக்கப்பட்டிருக்கிறது. வைத்ததா இல்லையா என்று கேட்பார் யாருமில்லை.

இவ்வாறு அடியடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரின் சுபாவத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். வழக்கமான மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 அடிகளில் முடிக்கிறது, அடிக்கு 1.8 பாகை. அதன் சுழலியில் 50 பற்கள் இருப்பதால், சுருள்களில் ஓடும் மின்னோட்டம் 4 அடிகளுக்கு ஒருமுறை, அதாவது 7.2 பாகைக்கு ஒருமுறை, பழைய நிலைக்கே திரும்புகிறது. ஆகவே தாங்க முடியாத சுமை வந்து மோட்டார் பிடி நழுவினால், அது ஓர் அடி, இரண்டடி என்று நழுவாமல், நான்கு நான்கு அடிகளாகவே நழுவிப் போய் அடுத்த பிடிமானத்தில் நிற்கும். 5 மில்லிமீட்டர் ஸ்குரூவில் ஒரு நழுவலுக்கு 0.1 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் புல்லியில் ஒரு நழுவலுக்கு 0.8 மில்லிமீட்டர். வலது மோட்டார் நழுவியது இடது மோட்டாருக்குத் தெரியாது. அது தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டு முன்னேற, பாலம் கோணலாகி, கோணல் சுமையைக் கூட்ட, கூடிய சுமை வலது மோட்டாரை மேலும் நழுவச் செய்கிறது. மின்சாரம் போய் வரும்போதும் இதுபோன்றதொரு சங்கதி நிகழ்கிறது: மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு மோட்டாரும் தனக்கு அருகிலுள்ள பிடிமானத்துக்கு, அது முன்னிருந்தாலும் பின்னிருந்தாலும், துள்ளிப் போய் நிற்கிறது, இரண்டும் ஒரே திசையில் துள்ள வேண்டும் என்ற விதி இல்லை.

எந்த நழுவலும் நேராமல், இரண்டு மோட்டார்களும் எண்ணிக்கை பிசகாமல் நடந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரு முனைகளும் சமமாக நிற்குமென்று சொல்ல முடியாது. ஏனெனில் சமமான சுற்று சமமான தூரம் ஆவதற்கு இரண்டு ஸ்குரூக்களும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டு யந்திரங்களில் பெரும்பாலும் இடம்பெறும் சி7 தரத்து பால் ஸ்குரூவில், 300 மில்லிமீட்டருக்கு 0.05 மில்லிமீட்டர் பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்குரூ நீள்பக்கமாகவும் மற்றது குறுகல்பக்கமாகவும் பிழைத்திருக்குமானால், 900 மில்லிமீட்டர் ஓடி முடிவதற்குள் இரு கால்களுக்கும் 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடக்கூடும். இத்தகைய துரதிருஷ்டம் அடிக்கடி நேர்வதில்லை என்றாலும், இரு பக்கத்துக்கும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் வாங்கிய ஸ்குரூக்களைப் போடுவதும், லினக்ஸ்சிஎன்சி போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் தனித்தனியே பிழைத்திருத்த அட்டவணை கொடுக்க இடமிருப்பதை அறிந்திருப்பதும் நன்று.

மோட்டார்கள் பரஸ்பரம் அறியாதவை ஆதலால், அவற்றுக்கு வெளியே நிற்கும் சாட்சி ஒன்று தேவைப்படுகிறது. அந்தச் சாட்சி, பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்படும் லிமிட் ஸ்விட்ச். யந்திரத்தை இயக்கியவுடன் பாலம் மெதுவாக மேசையின் ஒரு கோடியை நோக்கிப் போகிறது. எந்தப் பக்கத்து ஸ்விட்ச் முதலில் அழுந்துகிறதோ அந்தப் பக்கத்து மோட்டார் நின்றுவிடுகிறது. மற்றது தன் ஸ்விட்ச் அழுந்தும்வரை தனித்துப் போய் நிற்கிறது. பிறகு இரண்டும் சிறிது பின்வாங்கி, இன்னும் மெதுவாக அணுகி, மறுபடி தொட்டு உறுதிசெய்துகொள்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்கூட்டியே பதிந்துவைத்த சிறு திருத்தத்தையும் கூட்டிக்கொண்டபின், இரண்டும் ஒரே அச்சாகப் பிணைக்கப்படுகின்றன. லினக்ஸ்சிஎன்சியிலும் கிரிபில்ஹால், ஃப்ளூயிட்என்சி முதலிய மென்பொருள்களிலும் இதற்கான வசதி இருக்கிறது. மேக்3-இல் ஒரு மோட்டாரை மற்றதற்கு அடிமை அச்சாகப் பூட்டுவார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு மோட்டாருக்கும் அதற்கு மின்னோட்டம் செலுத்தும் தனி டிரைவரும், கணிப்பொறியிலிருந்து தனி ஒயரும் இருந்தாக வேண்டும். ஒரே டிரைவரில் இரண்டு மோட்டார்களை இணைத்துவிட்டால் செலவு மிச்சப்படலாம். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தும் சக்தியை யந்திரம் அன்றே இழந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்விட்சுகள் பாலத்தை நேராக்கிவிடுகின்றன என்று எண்ணிக்கொண்டு சட்டத்தைக் கட்டும்போது அசிரத்தையாக இருந்துவிடலாகாது. இரண்டு ஸ்குரூக்களையும் கழற்றிவிட்டுப் பாலத்தைக் கையால் தள்ளிப் பார்த்தால், அது எந்தக் கோணத்தில் சுமையின்றி ஓடுகிறதோ அதுவே அதன் இயற்கையான நிலை. அந்நிலை செங்கோணமாக இல்லாவிட்டால், மோட்டார்கள் செய்யும் திருத்தம் யாவும் சட்டத்தை வில்லாக வளைத்துப் பிடித்துக்கொண்டிருப்பதே ஆகும். அதற்குரிய அழுத்தத்தைப் பேரிங்குகள் இரவும் பகலும் சுமக்கும். இதைச் சோதிப்பதற்குப் பெல்ட்டினாலோ பல்சட்டத்தினாலோ இழுக்கப்படும் யந்திரத்தில் மிக எளிய உபாயம் ஒன்று இருக்கிறது. யந்திரம் நேராக்கப்பட்டு நிற்கும்போது, ஒரு காலின் அருகே டயல் கேஜை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டே மோட்டார்களின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். முள் அசையாதிருந்தால் சட்டமும் மோட்டாரும் ஒத்துப்போகின்றன என்று பொருள். முள் துள்ளிப் போய் வேறோர் இடத்தில் நின்றால், அது துள்ளிய தூரத்தில் மோட்டார்கள் இதுவரை சட்டத்தை வளைத்து வைத்திருந்த கோணல் வெளிப்படுகிறது. ஸ்குரூ உள்ள யந்திரம் உராய்வினால் அப்படியே நின்றுவிடக்கூடும் என்பதால், அங்கே மோட்டாரை ஸ்குரூவோடு இணைக்கும் கப்ளிங்கைத் தளர்த்திப் பார்ப்பதுதான் வழி. கால்களின் அடியில் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாலத்தை மூலைமட்டத்துக்கு ஒட்டி நிறுத்தி, மறுபடி இறுக்கும் பொறுமை உடையவரின் யந்திரத்தில் ஸ்விட்சுகளுக்குச் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவாகவே இருக்கும்.

செங்கோணத்தை அளப்பதற்குச் சிறு மூலைமட்டம் போதாது. பெரிய செவ்வகத்தின் மூலைவிட்டங்களே நம்பத்தக்க பிரமாணம். மேசையில் ஒரு பலகையை இறுகப் பொருத்தி, கூர்முனையுள்ள கருவியால், பாலத்தின் வாக்கில் 800 மில்லிமீட்டரும் மேசையின் நீளவாட்டில் 600 மில்லிமீட்டரும் இடைவெளி விட்டு நான்கு மூலைகளிலும் சிறு புள்ளி குத்த வேண்டும். மூலைவிட்டம் 1,000 மில்லிமீட்டராக வரும். ஆனால் அந்த எண் நமக்கு முக்கியமன்று, இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்பதே முக்கியம். அதற்கு விலையுயர்ந்த அளவுகோல் தேவையில்லை. நேரான மரக்குச்சி ஒன்றின் ஒரு கோடியில் மெல்லிய ஆணியை அடித்து, அதை ஒரு புள்ளியில் ஊன்றி, எதிர்மூலைப் புள்ளிக்கு நேரே கத்தி முனையால் கீறல் இட்டுக்கொண்டு, அதே குச்சியை மற்ற மூலைவிட்டத்தின்மேல் வைத்தால், கீறலுக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெர்னியரால் அதை அளந்துகொள்ளலாம். நம் எதிரே இடது அருகுமூலையிலிருந்து வலது தூரமூலைக்குச் செல்லும் விட்டம் நீளமாக இருந்தால், பாலத்தின் வலக்கால் முந்தி நிற்கிறது என்று அறியலாம். எவ்வளவு முந்தி நிற்கிறது? இந்த அளவுள்ள செவ்வகத்தில் ஓர் அழகு உண்டு: 1 மீட்டர் அகலப் பாலத்தின் முனையில் அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தால், மூலைவிட்டங்களின் வித்தியாசம் 0.48 மில்லிமீட்டராக வரும். அளந்து வந்த வித்தியாசத்தை ஏறக்குறைய அப்படியே வலப்பக்கத் திருத்தத்தில் எழுதிவிடலாம். எழுதியபின் பாலத்தை மறுபடி ஸ்விட்சுகளுக்கு அனுப்பி, புதிய இடத்தில் புள்ளி குத்தி, மீண்டும் ஒப்பிட வேண்டும்.

தாம் நழுவியதைத் தாமே உணரும் என்கோடர் பொருத்திய மோட்டார்கள் இப்போது அதிகமாகப் புழங்குகின்றன. அவை நல்லவைதாம். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் தன் தவறை மட்டுமே அறியும். பக்கத்து மோட்டாரின் தவறை அறியாது. பெரிய யந்திரங்களின் சர்வோக்களில் இந்தக் குறையை நீக்க, ஒரு பக்கத்தின் பின்தங்கலை மறுபக்கத்துக்கும் அறிவித்து இரண்டும் சேர்ந்தே திருத்திக்கொள்ளும் முறை கையாளப்படுகிறது. இரண்டு அச்சுகளின் பிழைகளை இவ்வாறு குறுக்கே இணைக்கும் யோசனையை யோராம் கோரன் என்ற ஆய்வாளர் 1980-இல் வெளியிட்டார். நம் வீட்டு யந்திரத்துக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. டிரைவர் ஒவ்வொன்றிலும் அபாயம் அறிவிக்கும் முனை ஒன்று இருக்கிறது. இரண்டு டிரைவர்களின் அந்த முனைகளையும் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொண்டுவந்து, எது கூவினாலும் யந்திரம் முழுதும் நிற்கும்படி இணைத்துவிட்டால் போதும். அந்த ஒயரை இணைக்காமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஒரு மோட்டார் பிழையை உணர்ந்து நின்றுவிட, மற்றது தன் பாட்டுக்கு முழுபலத்தோடு பாலத்தை முறுக்கித் தள்ளும் அந்தக் கணத்தில், என்கோடர் இல்லாத மோட்டாரே மேல் என்னும்படியான சேதம் விளையும்.

ஆதலால் என் தீர்ப்பு இது. 1 மீட்டர் அகலத்துக்கு உட்பட்ட யந்திரமானால், இரண்டு ஸ்குரூ, ஒரு பெல்ட், ஒரு மோட்டார் என்ற ஏற்பாட்டையே செய்க. அதில் தவறுவதற்குரிய பொருள்கள் குறைவு. அதற்கு மேற்பட்ட அகலமானாலும், பெல்ட்டைச் செலுத்த வழியில்லாத அமைப்பானாலும், இரண்டு மோட்டார், இரண்டு டிரைவர், இரண்டு ஸ்விட்ச் ஆகிய மூன்று ஜோடிகளையும் குறைவின்றி வைக்க; மூன்றில் ஒன்றைச் சிக்கனம் கருதி விட்டுவிட்டு மற்ற இரண்டை வைப்பதில் பயனில்லை. எந்த வழியானாலும், ஸ்குரூவைப் பூட்டுவதற்கு முன்னால் வெறும் பாலத்தைக் கையால் ஒருமுறை கோடிக்குக் கோடி தள்ளிப் பார்த்து, அது செங்கோணத்தில் தானாகவே ஓடும்வரை போல்ட்டுகளை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.